வன்முறை மரணங்களைத் தடுக்க உதவும் தரவு: சேகரிப்பது எப்படி, ஆரம்பத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் உங்கள் மாவட்டத்தில் எத்தனை கொலை, எத்தனை தற்கொலை என்று கேட்டால் யாராவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, எதை மாற்றினால் அடுத்த வருடம் அது குறையும் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. எந்தக் கிழமை, எந்த இடத்தில், யார் கையால், எதைக் கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் அந்த மனிதரின் வாழ்க்கையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. தடுப்பதற்கான வழி அங்கேதான் இருக்கிறது.

இத்தனைக்கும் அந்த விவரங்கள் யாருக்கும் தெரியாதவை அல்ல. ஒரு மரணத்துக்குக் குறைந்தது மூன்று காகிதங்கள் உருவாகின்றன. இறப்புச் சான்றிதழுக்கு வயதும் மருத்துவக் காரணமும் தெரியும். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குக் காயத்தின் தன்மையும் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதும் தெரியும். போலீஸ் கோப்புக்கு யார், எங்கே, என்ன தகராறு என்று தெரியும். மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவை, ஆனால் மூன்றும் மூன்று அலுவலகத்தில், மூன்று வெவ்வேறு எண்ணில், கடைசிவரை ஒன்றையொன்று பார்க்காமலே கிடக்கின்றன. அவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுகாதாரத் துறையில் இருப்பவர், தடயவியல் மருத்துவர், தொண்டு நிறுவனம் நடத்துபவர், ஆராய்ச்சி மாணவர், யாராக இருந்தாலும் இதை ஆரம்பித்து வைக்கலாம்.

இதனால் உண்மையிலேயே சாவு குறைகிறதா?

குறைகிறது. கொலம்பியாவின் காலி நகரத்தில் 1992-ல் மேயரான ரோட்ரிகோ குவெரேரோ நோய்ப்பரவலியல் படித்த மருத்துவர். அந்த ஊர்க் கொலைகளுக்கெல்லாம் போதைப்பொருள் கும்பல்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, போலீஸ், நீதித்துறை, தடயவியல், சுகாதாரம் என்று எல்லாத் துறை ஆட்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒவ்வொரு கொலையாகப் பார்க்கச் சொன்னார். வார இறுதி, விடுமுறை, சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை என்று குறிப்பிட்ட நாட்களில் கொலைகள் குவிந்திருந்தன. பெரும்பாலும் துப்பாக்கி, பல இடங்களில் மது. உடனே அந்த நாட்களில் மட்டும் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை போட்டார்கள். பின்னால் செய்த ஆய்வில், தடை இருந்த நாட்களில் கொலை விகிதம் தடை இல்லாத நாட்களைவிட 14 சதவீதம் குறைவாக இருந்தது. அதையே போகோட்டா நகரமும் செய்து பார்த்தது, அங்கே 13 சதவீதம்.

இன்னொன்று இலங்கை. 1995-ல் அங்கே லட்சம் பேருக்கு 57 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள். எந்தெந்தப் பூச்சிக்கொல்லியை உட்கொண்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தும் பிழைக்காமல் போகிறார்கள் என்பதை மருந்து வாரியாகப் பதிந்து பார்த்து, மிகக் கொடிய ரகங்களை மட்டும் படிப்படியாகத் தடை செய்தார்கள். 2015-ல் விகிதம் 17-க்கு வந்தது. விவசாய விளைச்சல் இதனால் விழவில்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ‘பூச்சிக்கொல்லி’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த முடிவை எடுத்திருக்கவே முடியாது. எந்த மருந்து என்ற ஒரு கட்டம் கூடுதலாக நிரப்பப்பட்டதால்தான் முடிந்தது.

அமெரிக்காவில் இதற்கென்றே தேசிய வன்முறை மரணப் பதிவு அமைப்பு என்ற ஒன்று உண்டு. 2002-ல் ஆறு மாநிலங்களுக்கு நிதி கொடுத்து ஆரம்பித்தார்கள், ஐம்பதும் சேர 2018 ஆனது. அதனால் சின்னதாக ஆரம்பிப்பதில் தயக்கமே வேண்டாம்.

படி 1: இந்தத் தரவை வைத்து யார், எந்த முடிவை எடுக்கப் போகிறார்?

படிவம் தயாரிப்பதில் ஆரம்பிக்காதீர்கள். பலரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் இருநூறு கேள்வி உள்ள படிவமும் பாதி வெற்றுக் கட்டமுமாக முடிகிறது.

முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள்: மது விற்பனை நேரத்தைத் தீர்மானிப்பவர், பூச்சிக்கொல்லி உரிமம் கொடுப்பவர், பெண்கள் காப்பகம் நடத்துபவர், பள்ளி மனநல ஆலோசகர், பாலத்துக்குத் தடுப்பு வேலி போட அதிகாரம் உள்ள பொறியாளர், போலீஸ் ரோந்துப் பாதையை வகுப்பவர். “உங்களுக்கு என்ன தெரிந்தால் நீங்கள் செய்வதை மாற்றுவீர்கள்?” என்ற ஒரு கேள்வி போதும். ரோந்து வகுப்பவருக்கு மணியும் தெருவும் வேண்டும். காப்பகம் நடத்துபவருக்கு, இறந்த பெண் அதற்கு முன் போலீசிலோ ஆஸ்பத்திரியிலோ உதவி கேட்டு வந்தாரா என்பது வேண்டும். இந்தப் பதில்கள்தான் உங்கள் படிவம். யாருக்கும் எதற்கும் பயன்படாத கேள்வி எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் சேர்க்காதீர்கள். இறந்தவரைப் பற்றிய தகவலைத் தேவையில்லாமல் சேகரிப்பது அவர் குடும்பத்துக்குச் செய்கிற மரியாதைக் குறைவும்கூட.

படி 2: எந்த மரணம் உள்ளே, எது வெளியே

உலக சுகாதார நிறுவனம் வன்முறையை மூன்றாகப் பிரிக்கிறது: தன்மீது செலுத்துவது, மற்றவர்மீது செலுத்துவது, போர், கலவரம் போலக் கூட்டமாக நடப்பது. நோய்களுக்கான சர்வதேச வகைப்பாடு என்பது நோய்க்கும் மரணக் காரணத்துக்கும் குறியீடு கொடுக்கும் பட்டியல். அதன் பத்தாவது பதிப்பில் எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை தற்கொலை, எக்ஸ்85 முதல் ஒய்09 வரை தாக்குதலால் வரும் மரணம், ஒய்10 முதல் ஒய்34 வரை நோக்கம் தீர்மானிக்கப்படாதவை, ஒய்35 சட்ட அமலாக்க நடவடிக்கையில் நேர்ந்தவை, ஒய்36 போர். இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றாவது பதிப்புக்கு மாறிவிட்ட நாடுகளில் குறியீடுகள் வேறு, பிரிவுகளின் தர்க்கம் ஏறக்குறைய இதேதான்.

நோக்கம் தீர்மானிக்கப்படாதவற்றைத் தயவு செய்து விட்டுவிடாதீர்கள். தற்கொலை என்று எழுதினால் குடும்பத்துக்கு அவமானம், காப்பீட்டுப் பணம் வராது, சில நாடுகளில் முயற்சியே குற்றம் என்ற பயத்தில் பல மரணங்கள் இந்தப் பிரிவுக்கோ ‘விபத்து’ என்ற பிரிவுக்கோ தள்ளப்படுகின்றன. நீரில் மூழ்கியது, உயரத்திலிருந்து விழுந்தது, விஷம், இளம் பெண்களின் தீக்காயம், இந்த நான்கிலும் ‘விபத்து’ என்று முடித்த கோப்புகளில் ஒரு பகுதியையாவது திறந்து படித்துப் பாருங்கள். நோக்கத்தை நீங்கள் மாற்றி எழுத வேண்டாம், அது உங்கள் அதிகாரம் இல்லை. எத்தனை கோப்புகளில் சந்தேகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

அடுத்தது எல்லை. காயம் பட்ட இடமா, உயிர் பிரிந்த இடமா? சண்டை ஒரு சிற்றூரில் நடக்கும், அடிபட்டவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், மரணம் அந்த நகரத்துக் கணக்கில் ஏறும். வரைபடத்தில் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தெருவே ஊரின் மிக ஆபத்தான இடமாகத் தெரியும். தடுப்புக்கு வேண்டியது காயம் பட்ட இடம். மரணம் நடந்த இடத்தையும் குடியிருந்த இடத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கும் இதே விதி.

படி 3: காகிதம் வைத்திருப்பவர்களின் சம்மதம்

மொத்த வேலையில் நிறைய நேரம் இதற்குத்தான் போகும். தொழில்நுட்பம் ஒரு தடையே அல்ல, நம்பிக்கைதான் தடை.

போலீசுக்கு உள்ள பயம் நியாயமானது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கோப்பிலிருந்து ஒரு வரி வெளியே போனால் நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். தடயவியல் மருத்துவருக்கு, தன் அறிக்கையில் யாராவது குறை கண்டுபிடிக்கப் போகிறார்களோ என்ற கவலை. பதிவாளருக்கு, சட்டம் இடம் கொடுக்கிறதா என்ற சந்தேகம். ஒவ்வொருவரிடமும் நேரில் போய் அவர்களுடைய பயத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு, அதற்கான பதிலை எழுத்தில் கொடுங்கள். தரவுப் பகிர்வு ஒப்பந்தம் என்பது இதுதான். அதில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: தரவு தடுப்புக்கு மட்டும், எந்த வழக்கிலும் யாருக்கும் எதிராகப் பயன்படாது, பெயர் எந்த அறிக்கையிலும் வராது, விசாரணை முடியாத கோப்பை எந்தக் கட்டத்தில் பார்க்கலாம் என்பதைப் போலீசே சொல்லும், எந்த அறிக்கையும் வெளியாவதற்கு முன் அவர்கள் பார்வைக்குப் போகும் (திருத்த அல்ல, தகவல் தெரிந்திருக்க), யார் யார் திறக்கலாம், எத்தனை வருடம் வைத்திருப்பது, அப்புறம் எப்படி அழிப்பது. உங்கள் நாட்டில் இதற்குத் தனிச் சட்டம் இருந்தால் அதை மேற்கோள் காட்டுங்கள், மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கேட்டு வாங்க மட்டும் போகாதீர்கள், கொடுக்கவும் போங்கள். முதல் மூன்று மாதத்திலேயே அந்தக் காவல் நிலையத்துக்கு அவர்களுடைய பகுதியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால், அடுத்த கோப்பு தானாக வரும்.

படி 4: நிகழ்வு ஒரு பதிவு, நபர் ஒரு பதிவு

பெரும்பாலான பட்டியல்களில் ஒரு வரிக்கு ஒரு சடலம். அதில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. கணவன் மனைவியைக் கொன்றுவிட்டுத் தானும் இறந்தால் அது கொலைப் பட்டியலில் ஒரு வரி, தற்கொலைப் பட்டியலில் ஒரு வரி. இரண்டும் ஒரே இரவில் ஒரே வீட்டில் நடந்தது என்பது எங்கேயும் இருக்காது. அதனால் இரண்டு அடுக்கு வையுங்கள். மேலே நிகழ்வு எண், அதன் கீழே அதில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண், சந்தேக நபர்களுக்குத் தனி வரிசை. எந்தெந்த மரணங்களை ஒரே நிகழ்வாக எடுப்பது? அமெரிக்க அமைப்பில், ஒன்றோடொன்று தொடர்புள்ள மரணங்களில் காயங்கள் 24 மணி நேரத்துக்குள் ஏற்பட்டிருந்தால் ஒரே நிகழ்வு. அதையே வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருளைப் பற்றிக் கவலை வேண்டாம். வருடத்துக்குச் சில நூறு மரணங்கள் என்றால் கடவுச்சொல் போட்ட எக்செல் தாள்கள் போதும், ஒன்று நிகழ்வுக்கு, ஒன்று நபருக்கு. பெயரையும் எண்ணையும் இணைக்கும் திறவுகோல் தாளை வேறு கணினியில், வேறு ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

படி 5: கட்டங்கள்

வயது, பாலினம், தொழில், திருமண நிலை, தேதி, மணி, இடம் இதெல்லாம் நீங்களே போட்டுக்கொள்வீர்கள். எங்கே வழுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

*மரணக் காரணம்.* ‘இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்’ என்று எழுதிய சான்றிதழ்கள் கட்டுக்கட்டாக வரும். யார் இறந்தாலும் அவை நிற்கத்தான் செய்யும், அதில் ஒரு தகவலும் இல்லை. கத்திக்குத்து வாங்கி இருபது நாள் கழித்துக் கிருமித் தொற்றில் இறந்தவருக்குச் சான்றிதழில் தொற்று மட்டும் இருக்கும். சங்கிலியை ஆரம்பித்து வைத்த முதல் காரணம் எதுவோ அதுதான் அடிப்படைக் காரணம், இங்கே அது கத்திக்குத்து. குறியீடு தருபவர் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தாமதமாக இறந்தவர்கள் அத்தனை பேரும் உங்கள் கணக்கிலிருந்து கழன்றுவிடுவார்கள்.

*கருவி.* ‘கூரிய ஆயுதம்’ போதாது. சமையலறைக் கத்தியா, வெளியிலிருந்து கொண்டுவந்ததா? முதலாவது என்றால் சண்டை அந்த இடத்திலேயே மூண்டிருக்கலாம், இரண்டாவது என்றால் திட்டம் இருந்திருக்கலாம்; தடுக்கும் வழி இரண்டுக்கும் வேறு. துப்பாக்கி என்றால் யாருடையது, பூட்டி வைத்திருந்தார்களா. இஸ்ரேல் ராணுவத்தில் இளம் வீரர்களின் தற்கொலைகள் வார இறுதியில், வீட்டுக்கு எடுத்துப் போன துப்பாக்கியோடு சேர்ந்து வந்ததைக் கவனித்து, 2006-ல் விடுப்பில் போகும்போது துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது. கிழமையும் துப்பாக்கி யாருடையது என்பதும் பதிவில் இருந்ததால் வந்த முடிவு அது. விஷம் என்றால் மருந்தின் பெயர், எங்கிருந்து கிடைத்தது. சர்வதேச வகைப்பாட்டில் பூச்சிக்கொல்லி எல்லாவற்றுக்கும் சேர்த்து எக்ஸ்68 என்ற ஒரே குறியீடுதான், எனவே அதை நம்பி இருக்க முடியாது.

*உறவு.* கொன்றவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டம் வெறுமையாக விடப்பட்டால் பெண்களுக்கு நடப்பது கண்ணுக்கே தெரியாது. கொல்லப்படும் பெண்களில் 38 சதவீதம் வரை கணவரோ காதலரோ கையால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட உலகளாவிய மதிப்பீடு. முன்னாள் கணவர், பிரிந்து வாழும் கணவர், காதலை மறுக்கப்பட்டவர் என்று தனித்தனியாகப் பிரியுங்கள், ஏனென்றால் பிரிந்து போகும் காலம்தான் பலருக்கு மிக ஆபத்தான காலம். உறவைச் சந்தேக நபரின் பக்கத்திலிருந்து எழுதுவதா, இறந்தவரின் பக்கத்திலிருந்து எழுதுவதா என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். ‘மகன்’ என்று இருந்தால் மகன் கொன்றாரா, கொல்லப்பட்டாரா என்று பின்னால் யாருக்கும் விளங்காது.

*ரசாயனப் பரிசோதனை.* இதற்கு ஒரு கட்டம் போதாது, இரண்டு வேண்டும்: சோதித்தார்களா, சோதித்ததில் என்ன வந்தது. ‘சோதிக்கவில்லை’யும் ‘மது இல்லை’யும் ஒரே வெற்றிடமாகப் பதிவானால் மதுவின் பங்கு உண்மையைவிடக் குறைந்து தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தவரின் ரத்தத்தில் சண்டை நேரத்து மது இருக்காது. மாதிரி எடுத்த நேரத்தையும் குறித்தால்தான் இது பிடிபடும்.

*சூழ்நிலை.* இதுதான் முழு முயற்சியின் இதயம். கடன், வேலை இழப்பு, துணையுடன் தகராறு, சொத்து வழக்கு, நாள்பட்ட வலி, மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தாரா, முன்பு முயன்றாரா, யாரிடமாவது சொன்னாரா, அண்மையில் ஆஸ்பத்திரியிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தாரா. ஒவ்வொன்றுக்கும் ‘கோப்பில் உண்டு’ அல்லது ‘கோப்பில் இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள். கோப்பில் இல்லை என்பதற்கு அவர் வாழ்க்கையில் இல்லை என்று அர்த்தம் கிடையாது, விசாரித்தவர் கேட்காமல் விட்டிருக்கலாம். அதனால் நீங்கள் சொல்லும் சதவீதம் எப்போதும் ‘குறைந்தது இவ்வளவு’தான், அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள். கூடவே ஒரு காலக் கேள்வி: இந்தப் பிரச்சினை மரணத்துக்கு இரண்டு வாரத்துக்கு உள்ளே நடந்ததா, அல்லது அடுத்த இரண்டு வாரத்தில் வரவிருந்ததா, உதாரணமாக நீதிமன்றத் தேதி, வீட்டைக் காலி செய்யும் நாள். பல வருடக் கடனும் நாளை மறுநாள் ஜப்தியும் ஒன்றல்ல. உதவி போய்ச் சேர வேண்டிய நாளை இரண்டாவதுதான் காட்டுகிறது.

படி 6: ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு பத்தி

எல்லாக் கட்டங்களையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கட்டம் என்பது நீங்கள் முன்கூட்டியே யோசித்த கேள்விக்கான பதில். யோசிக்காத ஒன்று இந்தப் பத்தியில்தான் தென்படும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. கோப்பைப் படித்த ஒருவர் இப்படி எழுதுகிறார்: “குடிபோதையில் ஏற்பட்ட தகராறில் நண்பரால் கொல்லப்பட்டார். இறந்தவர் குடிப்பழக்கம் உள்ளவர், நடத்தை சரியில்லாதவர்.” இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதே கோப்பிலிருந்து இன்னொருவர் எழுதுகிறார்:

“34 வயது ஆண், கட்டுமானத் தொழிலாளி. சனிக்கிழமை இரவு சுமார் 10.30 மணிக்கு மதுக்கடைக்கு வெளியே, அதே தளத்தில் வேலை செய்யும் 29 வயது ஆணுடன் கடன் பாக்கி பற்றி வாக்குவாதம். இருவரும் அன்று வாரக்கூலி வாங்கியிருந்தனர். சந்தேக நபர் அங்கே கிடந்த கண்ணாடிப் பாட்டிலை உடைத்துக் கழுத்தில் குத்தினார். கடைக்காரர் ஆம்புலன்சை அழைத்தார். அது 50 நிமிடம் கழித்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரத்தப்போக்கால் மரணம். ரத்தத்தில் மது இருந்தது. இருவருக்கும் இடையே முந்தைய வாரமும் அதே இடத்தில் கைகலப்பு நடந்ததாகக் கடைக்காரர் போலீசிடம் சொன்னார்.”

இதில் கூலி கொடுக்கும் நாள், கடை மூடும் நேரம், கண்ணாடிக்குப் பதிலாக உடையாத குவளை, ஆம்புலன்ஸ் வந்த தாமதம், முந்தைய வாரக் கைகலப்புக்குப் பிறகு யாரும் தலையிடாதது என்று கை வைக்கக்கூடிய இடங்கள் ஐந்து இருக்கின்றன. இரண்டாவது பத்தியை எழுத அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

எழுதும் விதி சுருக்கமாக: பெயர், வீட்டு எண், வண்டி எண், கைப்பேசி எண் வேண்டாம். நடந்த வரிசையில் எழுதவும். யார் சொன்னது என்பதை அந்த வாக்கியத்திலேயே சேர்க்கவும். இறந்தவரின் குணத்தைப் பற்றித் தீர்ப்பு வேண்டாம். போலீஸ் சொல்வது ஒரு பத்தி, பிரேதப் பரிசோதனை சொல்வது வேறு பத்தி, இரண்டையும் குழைத்து ஒன்றாக்காதீர்கள். தற்கொலை பற்றிய பத்திகள் பதிவு அறையை விட்டு வெளியே போகவே கூடாது, அதில் உள்ள முறை விவரங்கள் இன்னொருவருக்கு ஆபத்தாக முடியலாம்.

படி 7: காகிதங்கள் முரண்பட்டால்

முரண்படும். சான்றிதழ் விபத்து என்கும், போலீஸ் தற்கொலை என்கும், மருத்துவர் தீர்மானிக்க முடியவில்லை என்பார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழித்துவிடாதீர்கள். மூன்று பதிலையும் மூன்று கட்டத்தில் வைத்து, நான்காவதாக உங்கள் பதிவின் இறுதி வகையை முன்கூட்டியே எழுதி வைத்த விதிப்படி போடுங்கள். காயத்தின் தன்மைக்கு மருத்துவர் சொல் மேல், இடம், நேரம், உறவுக்குப் போலீஸ் சொல் மேல், வயதுக்குச் சான்றிதழ் மேல் என்பது போல. எந்தக் காகிதம் எத்தனை முறை முரண்பட்டது என்ற பட்டியல் வருடக் கடைசியில் ஒரு தனிப் பயன் தரும், சான்றிதழ் எழுதும் மருத்துவர்களுக்கு எதில் பயிற்சி வேண்டும் என்று அது நேராகக் காட்டிவிடும்.

தடயவியல் வசதியே இல்லாத, பாதி மரணங்கள் வீட்டிலேயே நடந்து பதிவாகாமல் போகும் பகுதிகளில் என்ன செய்வது? பிணவறைப் பதிவேட்டில் ஆரம்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால் வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை, அதாவது பயிற்சி பெற்ற களப்பணியாளர் குடும்பத்தாரிடம் நிலையான கேள்வித்தாளை வைத்துப் பேசுவது. உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் இலவசமாகவே கிடைக்கிறது. துக்கம் நடந்த உடனே போகாதீர்கள், ரொம்பத் தள்ளியும் போகாதீர்கள். கொலை செய்தவரே அதே வீட்டில் இருக்கலாம் என்பதால் ஒருவரைத் தனியாகப் பேசவைக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். துயரத்தில் இருப்பவர் தானும் வாழ விரும்பவில்லை என்று சொன்னால் கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு அவரை உதவிக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அன்றைய வேலை. அதற்கான தொலைபேசி எண்ணும் ஆளும் கையில் இல்லாமல் களத்துக்குப் போகக் கூடாது.

படி 8: படிப்பவர்களையும் பாருங்கள்

பத்தில் ஒரு கோப்பை இரண்டு பேர் தனித்தனியாகக் குறியீடு செய்து ஒப்பிடுங்கள். இரண்டு பேரும் அடிக்கடி வேறுபடும் கட்டம் எதுவோ, அதன் விளக்கம் சரியில்லை. ஆளைத் திட்டாதீர்கள், விளக்கத்தைத் திருத்துங்கள்.

நாள் முழுக்கக் கொலையையும் தற்கொலையையும் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் போகும். குழந்தை மரணக் கோப்புகளை ஒரே ஆளிடம் வரிசையாகக் கொடுக்காதீர்கள். தன் சொந்த இழப்பைப் போலிருக்கும் கோப்பைக் காரணம் சொல்லாமலே மறுக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கட்டும். வாரம் ஒரு முறை ஒன்றாக உட்கார்ந்து பேசும் நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே வையுங்கள், இதற்கென்று மனநல ஆலோசகருக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

படி 9: பார்ப்பது

முதல் தவறு எல்லாக் கொலையையும் ஒரே பானையில் போடுவது. துணையால் நடந்த கொலை, இளைஞர் சண்டை, கொள்ளை, குழந்தை மரணம் எல்லாம் வேறு வேறு நிகழ்வுகள். சேர்த்துச் சராசரி போட்டால் யாருக்கும் பொருந்தாத ஒரு மனிதர்தான் வருவார். முதலில் பிரியுங்கள், பிறகு எண்ணுங்கள்.

எண்ணிக்கையை லட்சம் பேருக்கு எவ்வளவு என்ற விகிதமாக மாற்றுங்கள், வயதுக் குழு வாரியாக. ஆனால் இருபதுக்குக் குறைவான மரணங்களை வைத்துப் போட்ட விகிதம் வருடத்துக்கு வருடம் துள்ளும், அதை நம்பி ‘இரு மடங்கு அதிகரிப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். பத்துக்குக் குறைவான எண்ணை வெளியே காட்டாதீர்கள், சின்ன ஊரில் ‘மூன்று பெண்கள், 20-24 வயது’ என்றாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த முதல் அட்டவணை கிழமை ஏழு, மணி இருபத்து நான்கு போட்ட ஒரு கட்டத்தாள். ஒவ்வொரு நிகழ்வையும் அதில் ஒரு புள்ளியாக வையுங்கள். அடுத்து வரைபடம். பெரும்பாலும் சில தெருக்களில், சில மணி நேரங்களில் புள்ளிகள் குவியும்.

மரணங்கள் மட்டும் போதாத இடமும் உண்டு. சின்னப் பகுதியில் வருடத்துக்கு நான்கு கொலை என்றால் அதில் ஒரு போக்கும் தெரியாது. அப்போது அவசர சிகிச்சைப் பிரிவின் காயங்களைச் சேருங்கள். வேல்ஸில் கார்டிஃப் நகரத்து முகத்தாடை அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட், ஆஸ்பத்திரிக்கு வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீசுக்கே தெரிவதில்லை என்பதைக் கண்டார். வரவேற்பு மேசையில் எங்கே, எப்போது, எதனால் என்று கேட்டுப் பெயரில்லாமல் போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். 2011-ல் வெளியான ஆய்வின்படி, வன்முறைக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது இந்த ஏற்பாடு இல்லாத ஒப்பீட்டு நகரங்களைவிட 42 சதவீதம் குறைந்தது.

படி 10: மேசைக்குக் கொண்டுபோவது

வருடத்துக்கு ஒரு தடித்த அறிக்கை அச்சடித்தால் அது அலமாரிக்குத்தான் போகும். மாதம் ஒரு கூட்டம், ஒரு பக்கம் தாள், படி 1-ல் நீங்கள் சந்தித்த அதே ஆட்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் 2005-ல் கொலை மறுஆய்வுக் குழு ஒன்றை அமைத்து, போலீஸ், அரசு வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்கள் எல்லோரும் ஒவ்வொரு கொலையையும் எடுத்துப் பேசினார்கள். அதன் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்த காவல் வட்டாரங்களில் கொலைகள் 52 சதவீதம் குறைந்தன என்று பின்னர் வந்த மதிப்பீடு காட்டியது.

கூட்டத்தில் ‘யார் தவறு?’ என்ற கேள்வி வந்துவிட்டால் அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள். ‘இந்த மரணத்துக்கு முன் இவர் எந்தெந்த வாசலுக்கு வந்துபோனார், அங்கே என்ன வேறு மாதிரி இருந்திருக்கலாம்?’ என்று கேளுங்கள். முடிவில் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு தேதி எழுதப்பட வேண்டும். அடுத்த கூட்டம் அந்தத் தாளில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பத்திரிகைக்குக் கொடுக்கும்போது தற்கொலை முறை, குறிப்பிட்ட இடத்தின் பெயர், ‘ஒரே காரணம்’ என்ற பேச்சு மூன்றையும் விலக்கிவிட்டு, உதவி எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு தெருவையோ ஒரு சமூகத்தையோ குற்றவாளியாக நிறுத்தும் தலைப்பு வரும் என்று தோன்றினால் வரைபடத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏதாவது ஒன்று மாறிய பிறகும் பதிவு நிற்கக் கூடாது. மாற்றம் நடந்த தேதியை அதே தாளில் குறித்து வைத்து, அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது இரண்டிரண்டு வருடத்தை ஒப்பிடுங்கள். மாற்றம் நடக்காத ஒரு பக்கத்துப் பகுதியையும் கூடவே பாருங்கள், எல்லா இடத்திலும் தானாகக் குறைந்ததை உங்கள் வெற்றியாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. ஒரு வழியை அடைத்தால் மக்கள் இன்னொரு வழிக்குப் போய்விடுவார்கள் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். அதற்குப் பதில் கருவி வாரியான எண்ணிக்கையையும் மொத்த எண்ணிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதுதான். இலங்கையில் பூச்சிக்கொல்லி மரணங்களோடு சேர்ந்து மொத்தத் தற்கொலை விகிதமே இறங்கியது. உங்கள் பகுதியில் மொத்தம் இறங்கவில்லை என்றால், எது ஏறியது என்று அந்த அட்டவணையிலேயே தெரியும், அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போங்கள்.